சொன்னதும் கருதியதும்: கணினிக்குக் கட்டளையிடக் கற்றல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

கலைப்பீடத்திற் பயிலும் மாணவர் கணினி மொழியொன்றின் அரிச்சுவடியைக் கற்றல் வேண்டுமா என்னும் வினா இன்று நம் பல்கலைக்கழகங்களில் அடிக்கடி எழுப்பப்படுகின்றது. இதற்கு வழக்கமாகத் தரப்படும் விடை தொழில் வாய்ப்பைச் சார்ந்ததாகும். கலைப் பட்டதாரிக்கு வேலை கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆதலால் அவர் கணினி அறிவையும் தேடிக்கொள்ளல் வேண்டும் என்பர். இவ்விடையிற் பொய்யில்லை. எனினும், வேலைக்கு உதவாதவிடத்து அக்கல்வி வேண்டியதில்லை என்னும் கருத்தும் அதனுள்ளே மறைந்து கிடக்கின்றது. 2022 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, நாம் பேசும் மொழியிலேயே வேண்டிக்கொண்டாற் செய்நிரலைத் தாமே எழுதித் தரும் பொறிகள் பொதுமக்களின் கைக்கு எட்டிவிட்டன. தொழிலை மட்டும் காரணமாகக் காட்டிக் கணினி மொழியைக் கற்கச் சொன்னவர்கள், இப்பொழுது அதே காரணத்தைக் காட்டிக் கற்க வேண்டாம் என்று சொல்லவும் தொடங்கியுள்ளனர்.

ஆகவே வினாவை வேறொரு பக்கத்திலிருந்து நோக்குதல் தகும். செய்நிரலாக்கத்தைத் தொழிலாகக் கொள்ள எண்ணாத ஒருவர், அதன் முதற் பாடங்களைக் கற்பதனால் எவ்வகை மனிதர் ஆகின்றார்? அப்பாடங்கள் அவரது பொறுப்புணர்வில் ஏதேனும் மாற்றத்தை விளைவிக்கின்றனவா? இக்கட்டுரையின் கருத்து இதுவாகும்: கணினிக்குக் கட்டளையிடக் கற்பவர் முதன்முதலில் அறிந்துகொள்வது, தாம் சொன்னதற்கும் தாம் கருதியதற்கும் இடையேயுள்ள தூரத்தையே. அத்தூரத்தைக் காணவும், கண்டபின் அதற்குத் தாமே பொறுப்பேற்கவும் பழகுதல் அறவியல் சார்ந்த பயிற்சியாகும். விதிகளாற் பிறர் வாழ்வு தீர்மானிக்கப்படும் ஒரு காலத்தில், இப்பயிற்சியைத் தொழில்நுட்ப வல்லுநருக்கு மட்டும் உரியதாக விட்டுவிடல் நேர்மையாகாது.

புதியவர் என்பவர் யார்?

ஒன்றையும் அறியாத ஒருவர் எவ்வாறு கற்கத் தொடங்குகிறார் என்பது பழமையான புதிராகும். பிளேட்டோவின் 'மெனோ' என்னும் உரையாடலில் இப்புதிர் எழுப்பப்படுகின்றது. ஒரு பொருளை அறிந்தவர் அதனைத் தேட வேண்டியதில்லை. அறியாதவரோ எதனைத் தேடுவதென்றே அறியார். அவ்வாறாயின் தேடல் எங்ஙனம் இயலும் என்பதே அது. கணினியின் முன் முதன்முறை அமரும் கலைப்பீட மாணவரின் நிலையும் இதனை ஒத்ததாகவே தோன்றுகின்றது. கட்டளை, மாறி, நிபந்தனை, மீள்செயல் என்னும் சொற்கள் யாவும் அவருக்குப் புதியன.

ஆயினும் சிறிது ஊன்றி நோக்கின், முழுப் புதியவர் என ஒருவர் இல்லை என்பது புலனாகும். தமிழ் இலக்கணம் பயின்ற மாணவர், 'மரம்' என்பதனோடு 'வேர்' சேர்ந்தால் 'மரவேர்' ஆவதையும், 'கிளை' சேர்ந்தால் 'மரக்கிளை' ஆவதையும் விதியால் அறிவார். இன்ன ஈறு, இன்ன வருமொழி, இன்ன விகாரம் என்று வகுக்கும் நன்னூலாரின் முறை, நிபந்தனைகளை வரிசைப்படுத்தும் முறையே. விதிக்கு விலக்குண்டு என்பதையும், விலக்கை விதிக்கு முன்னரே சோதித்தல் வேண்டும் என்பதையும் இலக்கண மாணவருக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

நமது கரையோரத்துத் தொழில்களிலும் இவ்வறிவு உறைந்து கிடக்கின்றது. கல்முனைக்கு வடக்கே அமைந்த மருதமுனை, கைத்தறி நெசவினாற் பெயர்பெற்ற ஊராகும். பாவிலே எத்தனை இழைக்கு ஒருமுறை நிறம் மாற வேண்டும், ஊடையிலே எத்தனை வரிசைக்கு ஒருமுறை கோலம் திரும்ப வேண்டும் என்பதை நெசவாளர் எண்ணிக்கையாலேயே ஆள்கின்றார். கணினியின் வரலாறும் ஒரு வகையில் தறியிலிருந்தே தொடங்குகின்றது எனலாம். பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804 இல் உருவாக்கிய தறியில், துளையிட்ட அட்டைகள் கோலத்தைத் தீர்மானித்தன. அவ்வட்டைகளையே சார்ள்சு பாபேச்சு 1830களிலிருந்து திட்டமிட்ட தமது பகுப்புப் பொறிக்கும் எடுத்துக்கொண்டார். அப்பொறியைப் பற்றி 1843 இல் விரிவான குறிப்புகள் எழுதிய ஏடா லவ்லேசு, அதன் செயலைத் தறியிற் பூக்கோலம் நெய்வதற்கு ஒப்பிட்டார். அதே குறிப்புகளில், பொறி தானாக எதனையும் தோற்றுவிக்க உரிமை கொண்டாடாது, அதற்கு எவ்வாறு கட்டளையிடுவதென நாம் அறிந்தவற்றையே அது செய்யும் என்னும் கருத்தையும் அவர் வெளியிட்டார்.

ஆகவே புதியவர் விதியை அறியாதவரல்லர். விதியின் எல்லாப் பகுதிகளையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இதுவரை நேர்ந்ததில்லை என்பதே உண்மை. மருதமுனை நெசவாளருக்கு இழை அறுந்தாற் கை தானே நிற்கும். அட்டைக்கோ அது தெரியாது. கையறிவாக இருந்ததைச் சொல்லாக மாற்றும் பொழுதுதான், எவ்வளவு அறிவு சொல்லப்படாமலே இருந்தது என்பது வெளிப்படுகின்றது. மெனோவின் புதிருக்கு இங்குக் கிடைக்கும் விடையும் இதுவே. கற்பவர் தேடுவது தாம் அறியாத ஒன்றையன்று; அறிந்தும் சொல்லாது விட்ட ஒன்றை.

முதற் பாடங்கள்

தொடக்கநிலைப் பாடங்களிற் சிலவற்றை எடுத்து நோக்குவோம். 'கல்முனை' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள? நமது இலக்கணப்படி க, ல், மு, னை என நான்கு. பைதன் என்னும் மொழியிலே இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால், ஏழு என்னும் விடை வரும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண்கள் வழங்கும் ஒருங்குறி முறையில் 1991 இல் வெளியான முதற் பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. அம்முறையில் அகரமேறிய மெய்க்கு ஓரெண்ணும், புள்ளிக்கு ஓரெண்ணும், உயிர்க்குறி ஒவ்வொன்றுக்கும் ஓரெண்ணும் உண்டு. எனவே க, ல, புள்ளி, ம, உகரக்குறி, ன, ஐகாரக்குறி எனப் பொறி ஏழையே எண்ணுகின்றது.

இங்குப் பிழைத்தது எது? இலக்கணமும் பிழைக்கவில்லை, பொறியும் பிழைக்கவில்லை. 'எழுத்து' என்று நாம் கேட்டது ஒன்று. பொறி விளங்கிக்கொண்டது வேறொன்று. மனிதரிடம் இவ்வாறு கேட்டிருப்பின், அவர் நம் முகத்தைப் பார்த்து, "இலக்கண எழுத்தைக் கேட்கிறீரா?" என்று வினவியிருப்பார். பொறி வினவவில்லை. வினவாமலே உறுதியான ஓர் எண்ணைத் தந்துவிட்டது. விடையின் உறுதி, வினாவின் தெளிவுக்குச் சான்றாகாது என்னும் பாடத்தை இவ்வொரு சொல்லே கற்பித்துவிடுகின்றது.

இன்னொன்று சமக்குறி. உவெல்சு நாட்டு இராபர்ட்டு இரெக்கோடு 1557 இல் அறிமுகப்படுத்திய இக்குறியைப் பாடசாலைக் கணிதத்தில் நாம் இருபுறமும் ஒத்தல் என்னும் பொருளிற் பயின்றோம். செய்நிரலில் 'தொகை = தொகை + 1' என்று எழுதக் கண்ட புதியவர் திகைப்பார்; எந்த எண்ணும் தன்னிலும் ஒன்று கூடியதற்குச் சமமாகாது. ஆனால் அங்குச் சொல்லப்படுவது சமன்பாடன்று, ஏவல். தொகை என்னும் பெயரிட்ட இடத்தில் இருந்ததை எடுத்து, ஒன்று கூட்டி, மீண்டும் அவ்விடத்திலேயே வை என்பது பொருள். நன்கு பழகிய குறியே புதிய இடத்தில் வேறு பொருள் கொள்ளும் என்பதை அறிந்துகொள்ளும் மாணவர், பிறருடைய சொற்களைத் தமது பழக்கத்தால் மட்டும் அளக்கும் அவசரத்தையும் ஓரளவு கைவிடுவார்.

மூன்றாவது, மீள்செயல். நமது கடற்கரையிற் கரைவலை இழுப்போரை நோக்குக. 'இழு' என்னும் ஏவல் ஒருமுறை எழுகின்றது. நீண்ட கயிற்றை இரு புறத்தாரும் பற்றி இழுக்கின்றனர். வலையின் மடி கரையேறியதும் எல்லோரும் நிற்கின்றனர். எப்பொழுது நிற்பது என்று எவரும் சொல்லவில்லை; சொல்ல வேண்டியதும் இல்லை. வலையும் மீனும் கரையும் அவர்தம் கண்முன்னே உள்ளன. இதே ஏவலைக் கணினிக்கு இடின், அது மடி கரையேறிய பின்னும், கயிறு தீர்ந்த பின்னும் இழுத்துக்கொண்டேயிருக்கும். நிறுத்தும் நிபந்தனையைச் சொல்லாது விட்ட செய்நிரல் முடிவின்றி ஓடுவதைத் தொடக்கநிலை மாணவர் எல்லோரும் ஒருநாள் காண்பர். அக்கணத்தில் அவர் உணர்வது, மனித உரையாடலில் கேட்பவரின் நல்லறிவு எவ்வளவு பெரிய சுமையைச் சத்தமின்றிச் சுமக்கின்றது என்பதையாகும்.

பங்கீடும் விதியும்

இதுவரை கூறியவை எழுத்தையும் எண்ணையும் பற்றியவை. மனிதரின் உரிமை பற்றிய ஒன்றை விதியாக எழுதப் புகும்பொழுதே இப்பயிற்சியின் அறவியற் பக்கம் முழுமையாகத் தெரியவரும். கல்முனை போன்ற முஸ்லிம் ஊர்களில் அதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு, வாரிசுப் பங்கீடேயாகும்.

இத்தொடர்பு வலிந்து கொண்டதன்று. கணினியியலில் வழங்கும் 'அல்கோரிதம்' என்னும் சொல், ஒன்பதாம் நூற்றாண்டிற் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயர் இலத்தீனில் திரிந்ததன் விளைவாகும். அட்சரகணிதத்திற்கு ஐரோப்பியர் வழங்கும் பெயரும் அவருடைய நூலின் தலைப்பிலுள்ள 'அல்ஜப்ர்' என்னும் சொல்லிலிருந்தே பிறந்தது. அந்நூலின் பெரும்பகுதியொன்று மரணசாசனங்களையும் வாரிசுகளின் பங்குகளையும் கணிக்கும் கணக்குகளுக்கென ஒதுக்கப்பட்டிருத்தல் மனங்கொளத் தக்கது. இறந்தவரின் சொத்தை இருப்பவருக்கு நீதியாகப் பிரித்தல் என்னும் அறத் தேவையும் அக்கணிதத்தை வளர்த்தது எனலாம்.

இலங்கையில், மரணசாசனம் எழுதாது இறக்கும் முஸ்லிம்களின் சொத்து, 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழியாக, இறந்தவர் சார்ந்த பிரிவுக்குரிய இசுலாமியச் சட்டத்தின்படி பங்கிடப்படுகின்றது. அதில் மனைவிக்குரிய பங்கை ஒரு தொடக்கநிலை மாணவர் செய்நிரலாக எழுதுவதாகக் கொள்வோம். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் தமிழ்ச் செய்நிரல் மொழியில் அது பின்வருமாறு அமையும்:

@( பிள்ளைகள் > 0 ) ஆனால்
    பங்கு = 1/8
இல்லை
    பங்கு = 1/4
முடி

பிள்ளைகள் இருப்பின் எட்டிலொன்று, இல்லையெனின் நான்கிலொன்று. இது சரியானதாகவே தோன்றும். ஆயினும் சட்டம் அறிந்த ஒருவர், "பிள்ளைகள் என்று எவரைக் கருதினீர்?" என்று கேட்பார். மகன் முன்னரே இறந்து, அவன்வழிப் பேரப்பிள்ளைகள் இருப்பினும் மனைவியின் பங்கு எட்டிலொன்றே. 'பிள்ளைகள்' என்னும் மாறியின் பெயர் எளிமையானது. அதற்குள்ளே எவர் அடங்குவர் என்னும் வினா எளிமையானதன்று. அதற்கு விடை சொல்லாமலே பொறி கணக்கை முடித்துவிடும்.

இன்னும் ஒரு படி செல்வோம். பெண்ணொருத்தி பிள்ளைகளோ தந்தை வழியினரோ சகோதரரோ இன்றிக் கணவனையும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரையும் விட்டு இறக்கிறாள். கணவனுக்கு இரண்டிலொன்று, சகோதரிகள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. இவ்விரண்டையும் கூட்டின் ஆறில் ஏழு வரும். சொத்தின் பெறுமதி 42 இலட்சம் ரூபாய் எனின், நமது மாணவரின் செய்நிரல் கணவனுக்கு 21 இலட்சமும் சகோதரிகளுக்கு 28 இலட்சமும் என 49 இலட்சத்தைப் பங்கிட்டுவிட்டு அமைதியாக இருக்கும். இல்லாத ஏழு இலட்சத்தை வழங்கியதில் அதற்குக் கூச்சமில்லை. ஒவ்வொரு வரியும் சரி. கூட்டு மட்டுமே உலகத்தோடு பொருந்தவில்லை.

இச்சிக்கலை இசுலாமியச் சட்ட அறிஞர்கள் கணினிக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே கண்டனர். கலீஃபா உமரின் காலத்தில் இத்தகைய வழக்கொன்று எழுந்ததாகவும், கலந்தாய்ந்தபின் எல்லோருடைய பங்கையும் ஒரே விகிதத்திற் குறைப்பதென முடிவாயிற்று எனவும் மரபு கூறும். அரபியில் 'அவ்ல்' எனப்படும் அம்முறைப்படி சொத்தை ஏழாக வகுத்து, கணவனுக்கு மூன்று கூறும் சகோதரிகளுக்கு நான்கு கூறும் வழங்குவர். 42 இலட்சத்தில் அவை முறையே 18 உம் 24 உம் ஆகும். இப்னு அப்பாஸ் இம்முடிவை ஏற்கவில்லை என்பதும் அம்மரபிலேயே பதிவாகியுள்ளது. நாம் கருத வேண்டியது இதுவாகும்: விதி தன்னோடு தானே முரண்பட்டவிடத்து, அதனை ஒரு மனிதர் கண்டார்; பலர் கூடி ஆராய்ந்தனர்; முடிவுக்குப் பெயரோடு பொறுப்பேற்றனர்; மாறுபட்டவரும் பெயரோடு மாறுபட்டார். பொறிக்குள்ளே விதியை இடும் இன்றைய முறையில் இந்நான்கில் எது எஞ்சியிருக்கின்றது?

கிழக்குக் கரையின் வழக்கமொன்று இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகின்றது. இப்பகுதி முஸ்லிம்களிடையே மகளுக்கு வீடு கொடுத்து மணமுடித்தல் நெடுங்கால வழக்காகும். தாய்வழிக் குடிகள் பேணப்படும் இச்சமூகத்தில், தந்தையின் உழைப்பிற் பெரும்பகுதி அவர் உயிரோடிருக்கும் பொழுதே சீதன வீடாக மகளிருக்குச் சென்றுவிடுதல் உண்டு. அவர் இறந்தபின் எஞ்சிய சொத்தைப் பங்கிடும் செய்நிரல், எஞ்சியதை மட்டுமே காணும். ஒரு குடும்பத்தில் நீதி எவ்வாறு நடந்தது என்பதன் பாதி, அப்பொறிக்கு உள்ளீடாக வருவதேயில்லை. கணக்கு வழுவின்றி இருக்கலாம். ஆயினும் அது ஒரு பகுதியின் கணக்கே. செய்நிரல் எழுதிப் பழகியவர், விடையைப் பார்க்கு முன் 'உள்ளே எதனை இட்டார்கள், எதனை இடவில்லை' என்று கேட்கப் பழகியிருப்பார்.

வெட்டுப்புள்ளியின் பாடம்

இவை யாவும் பாடப் பயிற்சிகள்தாமே என்று ஒருவர் கூறலாம். ஆனால் இலங்கைப் பல்கலைக்கழக மாணவர்களாகிய நாம் எல்லோரும் ஒரு கணிப்பின் வழியாகவே இங்கு வந்து சேர்ந்தோம். பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் கையாளப்படும் இசட் புள்ளி, பரீட்சார்த்தியின் புள்ளியிலிருந்து அப்பாடத்திற்குத் தோற்றிய குழுவினரின் இடையைக் கழித்து, அக்குழுவின் நியம விலகலால் வகுத்துப் பெறப்படுவதாகும். தசமத்தின் நான்காம் தானத்திலுள்ள ஓர் இலக்கம் ஒருவர் எப்பீடத்திற்குச் செல்வார், செல்வாரா மாட்டாரா என்பதைத் தீர்மானித்தல் கூடும்.

2011 ஆம் ஆண்டின் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தின்படி ஒரு சாராரும் புதிய பாடத்திட்டத்தின்படி மற்றொரு சாராரும் தோற்றினர். வினாத்தாள்கள் வேறு, குழுக்களும் வேறு. எனினும் இரு சாராரையும் ஒரே தொகுதியாகக் கொண்டு இசட் புள்ளி கணிக்கப்பட்டது. இதனை எதிர்த்து மாணவர்கள் தொடுத்த வழக்கில், 2012 ஆம் ஆண்டு யூன் மாதம் உயர் நீதிமன்றம் அக்கணிப்பைச் செல்லாததாக்கி, இரு குழுக்களையும் தனித்தனியாகக் கொண்டு மீளக் கணிக்குமாறு பணித்தது.

இந்நிகழ்வில் கணினி தவறவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். கழித்தலும் வகுத்தலும் சரியாகவே நடந்திருக்கும். 'குழு' என்னும் சொல்லுக்கு எவரைக் கருதுவது என்னும் வினாவிலேயே தவறு இருந்தது. 'கல்முனை'யில் எத்தனை எழுத்து என்று கேட்டபொழுதும், 'பிள்ளைகள்' எவர் என்று கேட்டபொழுதும் நாம் கண்ட அதே இடைவெளி, இங்கு ஆயிரக்கணக்கான இளைஞரின் எதிர்காலத்தின்மீது விழுந்தது. அவ்விடைவெளியைச் சுட்டிக்காட்டியவர்கள் சூத்திரத்தை நம்பி வாளாவிருந்திருப்பின், தசம தானங்களின் துல்லியமே அநீதிக்குத் திரையாகியிருக்கும்.

2023 இல் தொடங்கப்பட்ட 'அஸ்வெசும' நலன்புரித் திட்டத்திற் குடும்பங்களின் வறுமை 22 குறிகாட்டிகளால் அளக்கப்பட்டபொழுது, இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் எழுந்தமையும் இங்கு நினைக்கத் தக்கது. குறிகாட்டி கொண்டு அளத்தல் தவறென்பது நம் கருத்தன்று. ஆளுக்கொரு நீதி வழங்கும் பழைய சிபாரிசு முறையிலும் அது மேலானதாக அமையலாம். ஆனால், "கணினி அப்படித்தான் தந்துள்ளது" என்று சாளரத்தின் மறுபுறத்திலிருந்து ஒரு குரல் கேட்கும்பொழுது, அவ்விதியை இட்டவர் எவர் என்று கேட்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு; கேட்பதற்கு வேண்டிய அறிவும் அவனுக்கு இருத்தல் வேண்டும்.

இரு மறுப்புகள்

இதற்கு எதிராக இரண்டு மறுப்புகள் கூறப்படலாம். முதலாவது, தொழிற் பகுப்பைப் பற்றியது. பேருந்தின் இயந்திரத்தை அறியாமலே நாம் கல்முனையிலிருந்து கொழும்புக்குப் பயணம் செய்கின்றோம். மருந்தின் வேதியியலை அறியாமலே மருந்துண்கின்றோம். செய்நிரலை மட்டும் எல்லோரும் ஏன் அறிதல் வேண்டும்? அதிலும், பொறியே செய்நிரல் எழுதும் இக்காலத்தில் புதியவர் ஏன் இடர்ப்பட வேண்டும்?

இம்மறுப்பு வலுவானது. ஆயினும் பேருந்து நம்மைக் கொண்டுசெல்கின்றதேயன்றி, எவர் ஏறத் தகுதியுடையவர் என்று தீர்மானிப்பதில்லை. தகுதியைத் தீர்மானிப்பது விதி. விதியை இயற்றுவோர் அதற்குப் பதில் சொல்லும் கடப்பாடுடையர். தாம் வாசித்தறிய முடியாத ஒன்றிற்கு எவரும் மனச்சாட்சியோடு பதில் சொல்ல இயலாது. நாளை இம்மாணவரே கிராம உத்தியோகத்தராக, ஆசிரியராக, பிரதேச செயலகத்து அலுவலராக, சட்டத்தரணியாக, காதி நீதிமன்றத்தின் முன் நிற்பவராக வருவார். பொறி எழுதித் தந்த விதியை ஏற்பதும் மறுப்பதும் அவர் கையொப்பமாகவே இருக்கும். எழுதும் உழைப்பைப் பொறியிடம் ஒப்படைக்கலாம். கையொப்பத்தை ஒப்படைத்தல் இயலாது. எனவே பொறி எழுதத் தொடங்கியபின் அரிச்சுவடி அறிவின் தேவை குறையவில்லை; எழுதுவதற்காக வேண்டப்பட்ட அது, இனி வாசித்து மறுப்பதற்காக வேண்டப்படுகின்றது.

இரண்டாவது மறுப்பு கலைமாணவரின் உள்ளத்திலிருந்தே எழுவது. எல்லாவற்றையும் வெளிப்படச் சொல்லப் பழகிய மனம் வறண்டுபோகாதா? சொல்லாது விட்டதிலன்றோ கவிதை வாழ்கின்றது? தொல்காப்பியர் உள்ளுறையையும் இறைச்சியையும் பேசியது, சொல்லுக்கு அப்பாலுள்ள பொருளை மதித்தமையாலன்றோ? இம்மறுப்பைக் கூறுவோர் ஓர் உண்மையைச் சரியாகவே உணர்ந்துள்ளனர். கணினிக்குச் சொல்லப்படாதது இல்லாதது. கவிதைக்கோ சொல்லப்படாததே உயிர்.

ஆனால் இவ்விரண்டின் வேறுபாட்டைக் கூர்மையாக உணரக்கூடியவர் இரண்டையும் பயின்றவரேயாவர். கேட்பவர் இட்டு நிரப்பும் பொருளின் அருமையை, இட்டு நிரப்ப அறியாத ஒன்றோடு உரையாடிப் பார்த்தவர் நன்கறிவார். அன்றியும், சொல்லாது விடுதல் கவிதையில் அழகு. சட்டத்திலும் சுற்றறிக்கையிலும் அதுவே வலியவருக்கு வாய்ப்பு. எவ்விடத்திற் சொல்லாது விடலாம், எவ்விடத்தில் விடலாகாது என்னும் பகுத்தறிவே நாம் வேண்டுவது.

தாய்மொழியும் பொறுப்பும்

விதியை விளங்கிக்கொள்ளல் எல்லோர்க்கும் உரிய கடப்பாடெனின், விளங்கிக்கொள்ளும் வாயில் எல்லோர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். ஆங்கிலத்திற் பயிற்சியில்லாத கிராமப்புற மாணவருக்குச் செய்நிரலாக்கம் இரட்டைச் சுவராக நிற்கின்றது. ஒரு சுவர் சிந்தனையைச் சார்ந்தது, மற்றையது மொழியைச் சார்ந்தது. முன்னையதை அவர் ஏறியே ஆகவேண்டும். பின்னையது நாம் கட்டியது.

'எழில்' போன்ற முயற்சிகளின் மதிப்பு இங்கேயே உள்ளது. அம்மொழியில் 'பதிப்பி' என்றால் வெளியிடு என்பது பொருள். நிபந்தனை முன்னே நிற்க 'ஆனால்' பின்னே வருவது, 'மழை பெய்தால்' என நிபந்தனையை வினையீற்றில் வைக்கும் தமிழின் இயல்போடு ஒத்துச் செல்கின்றது. பேச்சிலே மறுதலைப் பொருளில் வழங்கும் 'ஆனால்' என்னும் சொல், அடிப்படையில் 'ஆகுமாயின்' என்னும் பொருளுடையது என்பதைக் கணினிப் பாடம் ஒன்று நமக்கு மீண்டும் நினைவூட்டுவது சுவையான செய்தியாகும். இத்தகைய மொழிகள் தொழிற்சாலைகளிற் பயன்படாமற் போகலாம். கற்பவர் பின்னர் பைதனுக்கோ வேறொன்றுக்கோ செல்லலாம். முதற் படியைத் தம் மொழியில் ஏறியவருக்கு அடுத்த படி அச்சந்தராது.

கல்முனைக்குத் தெற்கே அணித்தாயுள்ள காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947), அறிவியல் பயின்ற தமிழறிஞர். 1930களிற் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பழந்தமிழ் இசைக் கருவியாகிய யாழின் அமைப்பைக் கணிதத்தால் ஆராய்ந்து அவர் எழுதிய 'யாழ்நூல்' 1947 இல் வெளிவந்தது. கலையும் கணிதமும் ஒரே உள்ளத்தில் வாழ இயலும் என்பதற்கு நமது கரையோரமே சான்று பகர்ந்துள்ளது. ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களுக்கும் அங்குப் பயில்வோருக்கும் அம்மரபைத் தொடரும் உரிமை உண்டு.

முடிவாக, கலைமாணவர் எல்லோரும் செய்நிரலாளர் ஆகவேண்டும் என்று இக்கட்டுரை வாதிடவில்லை. ஒரு தவணைக் காலத்தில், ஒரு நிபந்தனையையும் ஒரு மீள்செயலையும் தம் கையால் எழுதி, அவை தாம் கருதாததைச் செய்யக் கண்டு, காரணத்தைத் தாமே தேடித் திருத்திய அனுபவம் ஒவ்வொருவருக்கும் வாய்த்தல் வேண்டும் என்பதே வேண்டுகோள். அவ்வனுபவம் பெற்றவர், பங்கீட்டுப் பத்திரத்தையோ வெட்டுப்புள்ளிப் பட்டியலையோ பயனாளிகளின் பெயர்ப்பட்டியலையோ கையில் எடுக்கும்பொழுது, எண்களுக்குப் பின்னால் ஒருவர் சொன்னதும் சொல்லாது விட்டதும் இருக்கும் என்பதை மறவார். தம் பெயர் அப்பட்டியலில் இல்லாதவர் சாளரத்தருகே வந்து காரணம் கேட்கும்பொழுது, பொறியைக் காட்டி விலகாமல், விதியை எடுத்து வாசித்து விளக்கவும், விதியே பிழையெனின் அதனை மேலிடத்திற்கு எழுதவும் அவர் கடமைப்பட்டவர். அக்கடமையைச் செய்ய வல்லவராக அவரை ஆக்குமெனின், கணினி மொழியின் அரிச்சுவடி கலைக்கல்விக்குப் புறம்பானதன்று.